சோத்துக்கை

கோவில்பட்டியில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு உள்பக்கமிருந்து எழுதும்போது அப்பா என்னைத் தெருவில் நிறுத்திவைப்பார். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். வெயிலில் நிற்கக் கடுப்பாக இருந்தாலும், வேலை முடிந்ததும் கடலை மிட்டாய் உண்டு என்பதால் நிற்பேன்.

கண்ணாடியில் எழுதுவது தனி வித்தை. மழை படாமல் இருக்க எழுத்து உள்பக்கம் இருக்கவேண்டும், படிக்கிறவன் வெளியே நிற்பான். ஆகவே எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும். வண்ணம் பூசும் வரிசையும் மாறிவிடும். சுவரில் முதலில் பின்னணி, அதன் மேல் எழுத்து, கடைசியில் எழுத்தின் மேல் மினுக்குக் கோடு. கண்ணாடியில் மினுக்குக் கோடு முதலில், பிறகு எழுத்து, பிறகு நிழல், எல்லாம் காய்ந்த பிறகு பின்னணி. அப்பா இதையெல்லாம் எந்தக் கணக்கும் போடாமல் செய்வார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு எப்போதும் வரும். உள்ளேயிருந்து கத்துவார்: "ஏலே, ட சரியா நிக்குதா?"

'ட'வைத் திருப்பிப் போட்டால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும். 'ப' பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கட்டையெழுத்தில் 'ப' எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் 'ப' தான்.

எனக்கு இடது கை பழக்கம். பழக்கம் என்றால், பிறவியிலேயே. அப்பாவுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. சாப்பாட்டுத் தட்டில் இடது கை இறங்கினால் விரல் கணுவில் பிரஷ் கட்டையால் ஒரு தட்டு விழும். ஒண்ணாம் வகுப்பில் மூன்று மாதம், வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் மட்டும், சணல் கயிற்றால் என் இடது மணிக்கட்டை நாற்காலிச் சட்டத்தோடு கட்டிவைத்தார். இறுக்கமாக எல்லாம் இல்லை. அவிழ்த்துக்கொள்ளலாம், நான் அவிழ்த்ததில்லை. "சோத்துக்கையில எழுதுலே. நாளைக்கு நாலு பேரு பாத்தா சிரிப்பான்." பந்து எறிவது, பல் தேய்ப்பது, மவுஸ் பிடிப்பது எல்லாம் இன்றும் இடது கைதான். எழுத்து மட்டும் வலது கைக்குப் போய்விட்டது, அதுவும் கோழி கிண்டியது மாதிரி. ஊரில் பாதி போர்டு எழுதியவரின் மகன் கையெழுத்து அப்படி இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவரும் அவரேதான்.

*

2019இல் அப்பாவின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டத் தொடங்கின. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, டிவி பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவது போல. பிளெக்ஸ் வந்து தொழில் படுத்து அப்போதே பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கோயில் கொடைக்கு, பழைய பழக்கத்தில் கூப்பிடும் இரண்டு மூன்று கடைகளுக்கு என்று எப்போதாவது பிரஷ் எடுப்பார். வயசாகுது, நரம்புத் தளர்ச்சி என்று அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் அப்பாவை அறைக்குள் இரண்டு தடவை நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தாளைக் கொடுத்து, ஏதாவது ஒரு வரியை நாலு தடவை எழுதச் சொன்னார். அப்பா தன் பெயரையும் ஊரையும் எழுதினார். முதல் எழுத்து வழக்கம்போல் நிமிர்ந்து நின்றது. வரி போகப் போக எழுத்து சுருங்கியது. நாலாவது வரியின் முடிவில் எறும்பு மாதிரி ஆகிவிட்டது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோமீட்டர் நீளச் சுவரில் கடைசி எழுத்தும் முதல் எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும் என்று சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி வாழ்ந்த மனிதர்.

பார்க்கின்சன். "இது ஒரு பக்கந்தான் முதல்ல ஆரம்பிக்கும். ஒங்களுக்கு வலது பக்கம்" என்றார் மருத்துவர். மூளையின் ஆழத்தில் டோபமைன் செய்யும் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. டோபமைனை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முந்தைய படியான டோபாவைக் கொடுத்தால் நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஒரு நாளைக்கு நாலு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். பருப்பு, முட்டை, பால் எல்லாம் அதே நேரத்தில் வேண்டாம், அவற்றின் புரதம் மாத்திரையோடு அதே வாசலில் முண்டியடிக்கும்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். லெவோடோபா. லெவோ என்றால் இடது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்: "அப்பா, இது இடதுகை மாத்திரை."

அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "அப்ப வலதுகை மாத்திரைன்னு ஒண்ணு இருக்கா?"

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். கேம்பஸில் எடுத்தது சாஃப்ட்வேர் கம்பெனி. வில்கின்சன் வினையூக்கியின் சுழற்சியைப் பதினாறு மார்க்குக்கு வரைந்துவிட்டு, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோன தலைமுறை. அப்பாவின் கேள்விக்கு "ஆமா, இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை. அடுத்த சில மாதங்கள், இரவில் வேலை முடிந்ததும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

*

கையுறையை மாற்றிப் போட்டால் சேராது. இரண்டு கையும் ஒரே அளவு, ஒரே விரல்கள், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே பொருத்த முடியாது. கண்ணாடியில் பார்த்தால்தான் ஒன்று மற்றொன்றாகும். சில மூலக்கூறுகளும் அப்படி. 'ட' மாதிரி. வேதியியலில் இதற்குக் கைரலிட்டி என்று பெயர், கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் கைத்தன்மை என்கிறோம்.

உயிருள்ள உடம்பு இதை விடாப்பிடியாகக் கவனிக்கிறது. கார்வோன் என்று ஒரு பொருள். ஒரு கை புதினா வகையொன்றின் மணம், மறு கை சீமைச் சோம்பின் மணம். அணுக்களின் எண்ணிக்கை, பிணைப்பு, கொதிநிலை எல்லாம் ஒன்றுதான். மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த இடத்தில் எல்லாக் கட்டுரைகளும் தாலிடோமைடு கதையைச் சொல்லும்: ஒரு கை மருந்து, மறு கை விஷம், நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் குழந்தைகள் பிழைத்திருக்கும் என்று. அது அவ்வளவு எளிதில்லை. தாலிடோமைடின் ஒரு கையைத் தூய்மையாகக் கொடுத்தாலும் உடம்புக்குள் அது மறு கையாக மாறிக்கொள்ளும். நல்ல கதை என்பதற்காகத் தப்பான உதாரணம் நிலைத்துவிட்டது.

டோபாவின் கதை அதைவிடச் சுத்தமானது. 1967இல் ஜார்ஜ் கோட்ஸியாஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில், நியூயார்க் அருகே புரூக்ஹேவனில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபாவை நாளுக்குப் பல கிராம் வரை படிப்படியாக ஏற்றிக் கொடுத்தார். உறைந்துபோயிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அவர் கொடுத்தது இரண்டு கையும் கலந்த டோபா. சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. மூளையில் டோபமைனாக மாறும் நொதிக்கு இடக்கை டோபா மட்டுமே பொருந்தும், வலக்கை டோபா உள்ளே போய்த் தொல்லை கொடுப்பதைத் தவிர வேறு உபயோகமில்லை. 1969இல் அவர் எல்-டோபாவை மட்டும் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அளவு குறைந்தது, ரத்தக் கோளாறு விலகியது. ஆக, அப்பா, வலதுகை மாத்திரை இருந்தது. இரண்டு வருடம்.

திடீரென்று உலகத்துக்கு டன் கணக்கில் இடக்கை டோபா தேவைப்பட்டது. இங்கேதான் சிக்கல். வேதிக்கூடத்தில் சாதாரணமாக டோபா செய்தால் இரண்டு கையும் பாதிக்குப் பாதி வரும். நாணயத்தைக் கோடி கோடி தடவை சுண்டியது போலத் துல்லியமான பாதி. 1848இல் பாஸ்டர், டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை இடுக்கியால் இடது, வலது என்று கையாலேயே பிரித்தார். அவருக்கு அதிர்ஷ்டம், அந்தப் படிகங்கள் பார்வைக்கே வேறாகத் தெரிந்தன. ஆலையில் அது நடக்காது. இரண்டையும் செய்து, பிரித்து, வேண்டாத பாதியை மறுபடி உருக்குலைத்து, மறுபடி செய்து, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

*

வில்லியம் நோல்ஸ் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மான்சாண்டோ கம்பெனியில் வேலைபார்த்த வேதியியலாளர். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, ஆராய்ச்சி மாணவர் பட்டாளம் இல்லை. 1917இல் பிறந்தவர், இந்தக் கதை தொடங்கும்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஐடியில் நாற்பதைத் தாண்டினாலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் எனக்கு இந்தத் தகவல் ஏனோ முக்கியமாகப் பட்டது.

1966இல் வில்கின்சன் ஒரு ரோடியம் சேர்மத்தை அறிமுகப்படுத்தியிருந்தார், நான் பதினாறு மார்க்குக்கு வரைந்தது அதைத்தான். ரோடியம் அணுவைச் சுற்றி மூன்று டிரைபினைல்பாஸ்பீன். ஒவ்வொரு பாஸ்பரஸிலும் மூன்று பென்சீன் வளையங்கள். இது திரவத்தில் கரையும், கரைந்த நிலையிலேயே இரட்டைப் பிணைப்பின் மேல் ஹைட்ரஜனை ஏற்றும். நோல்ஸ் யோசித்தது இது: பாஸ்பரஸில் மூன்றும் ஒரே மாதிரி இல்லாமல் மூன்று வெவ்வேறு தொகுதிகளை மாட்டினால், அந்தப் பாஸ்பரஸுக்கே ஒரு கை வந்துவிடும். நைட்ரஜனாக இருந்தால் காற்றில் குடை மடங்குவது போலச் சட்டென்று உள்வெளியாகத் திரும்பிவிடும், பாஸ்பரஸ் அப்படித் திரும்பாமல் நிற்கும். அந்தக் கையுள்ள பாஸ்பீனை ரோடியத்தில் மாட்டினால், ரோடியம் செய்கிற வேலைக்கும் கை வருமா?

1968இல் விடை வந்தது. வரும், ஆனால் 15%. அதாவது நூற்றுக்கு 57.5 ஒரு கை, 42.5 மறு கை. மருந்துக்கு உதவாது. ஜெர்மனியில் ஹார்னரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் தனியாக இதையே கண்டிருந்தார். நான் வேலைபார்க்கும் இடத்தில் 57-42 என்று ஒரு முடிவைக் காட்டினால் தற்செயல் என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். நோல்ஸ் மூடவில்லை.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்பாவின் ஸ்டென்சில் தகடுகளால்தான். லாரி நம்பர் எழுதுவதற்காகத் தகரத்தில் வெட்டிய எழுத்துகள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கின்றன. 'ட' வெட்டிய தகட்டை ஒரு பக்கமாகச் சுவரில் வைத்துப் பூசினால் 'ட'. புரட்டி வைத்துப் பூசினால் திரும்பிய 'ட'. தகடு தட்டையானது, அதற்கென்று இடமும் இல்லை வலமும் இல்லை. எந்த முகம் சுவரில் படிகிறது என்பதுதான் எழுத்தை முடிவு செய்கிறது. டோபாவுக்கு முந்தைய மூலக்கூறும் அப்படித் தட்டையானது, நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அது ஒரு முகமாக ரோடியத்தின் மேல் படிந்தால் அந்த முகத்தில் ஹைட்ரஜன் ஏறும், இடக்கை பிறக்கும். புரண்டு படிந்தால் வலக்கை. சுவர் சமதளமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். சுவரிலேயே ஒரு கோணலான புடைப்பு இருந்தால் தகடு ஒரு பக்கமாகத்தான் வசதியாக உட்காரும். அந்தப் புடைப்பைச் செதுக்குவதுதான் பாஸ்பீனின் வேலை.

நோல்ஸ் தொகுதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். பென்சீன் வளையத்தில், பாஸ்பரஸுக்குப் பக்கத்து இடத்தில், ஒரு மெத்தாக்ஸி தொகுதியை வைத்ததும் நிலைமை மாறியது. கேம்ப் என்று செல்லப்பெயர் வைத்த பாஸ்பீன் 88% வரை கொண்டுபோனது. இதற்கிடையில் பிரான்சில் கேகன் இரண்டு பாஸ்பரஸ்களை ஒரே மூலக்கூறில் வைத்து, ரோடியத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற லிகண்ட் ஒன்றைச் செய்திருந்தார். அதற்கான கையை அவர் எடுத்தது டார்டாரிக் அமிலத்திலிருந்து. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைக் கொடுக்கும் அதே அமிலம். நோல்ஸ் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு, தன் பாஸ்பீன் இரண்டை இரு கார்பன் பாலத்தால் இணைத்தார். டைபேம்ப். ரோடியத்தைச் சுற்றி நாலு பென்சீன் வளையங்கள், சில முகத்தைக் காட்டியும் சில விளிம்பைக் காட்டியும் நிற்கும் ஒரு மண்டபம். 95%. நூற்றுக்கு 97.5 இடக்கை.

அதிர்ஷ்டமும் இருந்தது. அப்போது மான்சாண்டோ வெனிலின் தயாரித்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீமின் அதே வெனிலா வாசனைப் பொருள். அதன் பென்சீன் வளையம்தான் டோபாவின் பென்சீன் வளையமாகப் போகிறது. வெனிலினிலிருந்து டோபாவுக்குப் போகும் பாதையின் நடுவில், கையைத் தீர்மானிக்கும் அந்த ஒரு படியில், டைபேம்ப் மாட்டிய ரோடியத்தை வைத்தார்கள். தொழிற்சாலை முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது: தட்டை மூலக்கூறு ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்ததில் சரியாகக் கரையாது, கூழ் மாதிரி உள்ளே போகும். வினை முடிந்து வருவதும் கூழ்தான். வடிகட்டினால் தூய இடக்கைப் படிகம் மேலே நிற்கும். வினையூக்கியும், மிச்சமிருந்த கலப்புச் சரக்கும் வடிநீரோடு போய்விடும். 95% என்பது வடிகட்டும் துணியில் கிட்டத்தட்ட நூறாகிவிடுகிறது. 1970களின் நடுவில் இது ஆலையில் ஓடத் தொடங்கியது, உலோக வினையூக்கியால் கை பார்த்துச் செய்த முதல் தொழிற்சாலை மருந்து. நோல்ஸ் 1986இல் ஓய்வு பெற்றார். நோபல் பரிசு 2001இல்தான் வந்தது, அவருக்கு எண்பத்து நாலு வயதில். வேதியியல் பரிசின் பாதியை ஜப்பானின் ரியோஜி நொயோரியும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள், மறுபாதி ஷார்ப்லெஸ்ஸுக்கு.

*

இவ்வளவையும் படித்த பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஜாக் ஹால்பெர்ன் கெடுத்துவிட்டார்.

ஸ்டென்சில் உதாரணத்தின்படி, சுவரில் எந்தப் பக்கம் நன்றாக உட்காருகிறதோ அந்த எழுத்துதான் அதிகம் வரவேண்டும். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹால்பெர்ன் குழு, டோபாவின் நெருங்கிய உறவான ஒரு மூலக்கூறை எடுத்து, ரோடியத்தில் படிந்த நிலையிலேயே அதைப் பிடித்து, இரண்டு படிவங்களையும் எண்ணிப் பார்த்தது. கரைசலில் மிகப் பெரும்பான்மையாக இருந்தது தப்பான முகம். உறுதியாக, வசதியாக உட்கார்ந்திருந்தது வலக்கையைத் தரவேண்டிய படிவம். கிடைத்த பொருளோ இடக்கை.

விளக்கம் இதுதான். வசதியாக உட்கார்ந்த படிவம் ஹைட்ரஜனை வாங்க மிகச் சோம்பேறி. தொத்திக்கொண்டிருக்கும் சிறுபான்மைப் படிவமோ சில நூறு மடங்கு வேகமாக ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அது கிளம்பியதும் பெரும்பான்மையிலிருந்து இன்னொன்று புரண்டு அந்த இடத்துக்கு வருகிறது. கண்ணில் படுவதெல்லாம் தேங்கி நிற்பவை, பொருளாவதோ கண்ணில் படாமல் ஓடுபவை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தேன். மிகையில்லை. இது நான் தினமும் செய்யும் தப்பு. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், க்யூவில் என்ன தேங்கியிருக்கிறது என்று பார்த்து, தேங்கியிருப்பதைத்தான் சர்வர் செய்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டுவேன். உண்மையான வேலை அத்தனையும் க்யூவில் ஒரு கணம்கூட நிற்காமல் கடந்துபோயிருக்கும். இந்த ரோடியம் சங்கதியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் தூய்மை குறையும். ஹைட்ரஜன் அவசரப்படுத்தினால் புரண்டு படிய நேரம் கிடைக்காது, தப்பான படிவமும் மாட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் இதை ரேஸ் கண்டிஷன் என்போம், கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அப்பாவிடம் ஹால்பெர்னைச் சொல்லிப் பார்த்தேன். முழுதாகக் கேட்டார். "சரி, தகடு லூசா இருந்தா எழுத்து கசியும்லா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். உதாரணம் அந்த இடத்தோடு உடைந்துபோகிறது.

நொயோரியைப் பற்றி ஒன்று மட்டும். அவர் 1980இல் வெளியிட்ட பினாப் என்ற லிகண்டில் நாலு வெவ்வேறு கிளை கொண்ட கார்பன் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாப்தலீன் தட்டுகள், நடுவில் ஒரே பிணைப்பு. முனைக்கு முனை ஒரு கம்பியில் கோத்த இரண்டு ஸ்கேல்கள் மாதிரி. தட்டுகளின் ஓரத்தில் துருத்தும் தொகுதிகள் ஒன்றையொன்று இடிப்பதால் முழுச் சுற்று சுற்ற முடியாது. ஒன்று வலமாகத் திருகி நிற்கும், இல்லை இடமாகத் திருகி நிற்கும். அந்தத் திருகலே கை. வெறும் இடநெருக்கடியிலிருந்து கை பிறக்கலாம் என்பது எனக்குப் புதிது. மெட்டோலாக்ளோர் என்ற களைக்கொல்லியிலும் இதே போன்ற நெருக்கடித் திருகல் உண்டு, கூடவே சாதாரணக் கைக்கார்பன் ஒன்றும் உண்டு. களையைக் கொல்வது அந்தக் கார்பனின் கைதான், ஆகவே திருகலை விட்டுவிட்டு அதை மட்டும் இரிடியம் வினையூக்கி கொண்டு 1996லிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் செய்கிறார்கள். ஒரு வினையூக்கி மூலக்கூறு பத்து லட்சத்துக்கு மேல் செய்துவிட்டுத்தான் ஓய்கிறது. தூய்மை 80% தான். களைக்கு அது போதும்.

*

அப்பாவின் மாத்திரைக்குள் இருப்பது ரோடியம் வழியாக வந்தது என்று நான் கதைவிட முடியாது. இன்றைக்கு எல்-டோபாவைப் பாக்டீரியா நொதியைக் கொண்டும் பெருமளவில் செய்கிறார்கள். ரோடியமோ 2021இல் அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது, அந்த நேரத்துத் தங்கத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். வாகனப் புகைக்குழாய்கள்தான் அதில் பெரும்பங்கைத் தின்கின்றன.

இந்தப் பணக்கார உலோகங்களைப் பற்றியெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, சித்தி ஒருத்தி அம்மாவுக்குப் பூனைக்காலி விதைப் பொடி கொடுத்துவிட்டுப் போனாள். நான் சிரித்தேன். சிரித்தது என் தப்பு. பூனைக்காலி விதையில் இருப்பது அதே எல்-டோபா. இடக்கை மட்டும், ரோடியம் இல்லாமல், வேலியோரத்தில். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள், பார்க்கின்சனுக்கு இது மருந்து என்று யாருக்கும் தெரிவதற்கு முன்னால். அதற்கும் முன்பு, 1913இல், மார்க்கஸ் குகன்ஹைம் அவரை வகைப் பயறொன்றிலிருந்து எடுத்து, இரண்டரை கிராமைத் தானே தின்று பார்த்து வாந்தியெடுத்தார்.

அப்பாவும் மாத்திரையோடு சேர்த்து இரண்டு ஸ்பூன் பொடியைப் பாலில் கலந்து குடித்துவிட்டார், யாரிடமும் சொல்லாமல். அன்று மாலை அவர் தலையும் தோளும் தன்னிஷ்டத்துக்கு நெளிந்தன. டோபா கூடிப்போனால் அப்படித்தான். அம்மா அழுதாள். மருத்துவர் போனிலேயே திட்டினார். பொடி டப்பா பரணுக்குப் போனது, ஸ்டென்சில் தகடுகளுக்குப் பக்கத்தில்.

போன வருடம் ஒரு வங்கியில் வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனோம். கையெழுத்து பொருந்தவில்லை என்று மூன்று தடவை போடவைத்தார்கள். மூன்றும் மூன்று அளவில் வந்தன. கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "ஐயா, பேசாம கைநாட்டு வச்சிருங்க, ஈஸியா முடிஞ்சிரும்." அப்பா ஸ்டாம்ப் பேடைத் தள்ளிவிட்டார். "கைநாட்டா? ஒங்க பேங்குக்கு மொதமொத போர்டு எழுதுனதே நான்தாம்யா." வேலை முடியாமல் வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவில் அவர் பேசவேயில்லை.

அன்று சாயங்காலம் நாலுகோடு நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல எப்படிப் பிடிக்கணும்? ஒனக்குத்தான இடது கை. எழுதிக் காட்டு."

நான் பேனாவை வாங்கினேன். பந்து எறிகிற கை, மவுஸ் பிடிக்கிற கை. 'அ' போடப் பார்த்தேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட அதைவிட நன்றாகப் போடும். முப்பது வருடமாக அந்தக் கை எழுதியதேயில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அப்பா நோட்டைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். "ம்" என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பல வருடங்களாக என்னிடம் இருந்த வாசகங்கள் எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுதினோம். அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். அவருடைய இடது கை என்னுடையதைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் 'ட' ஒவ்வொரு முறையும் திரும்பித் திரும்பி விழுந்தது. கோபத்தில் நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் விரலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கரும்பலகை சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். உள்பக்கமிருந்து, இடது கையால், தன் பெயரைக் கண்ணாடியில் எழுத ஆரம்பித்தார்.

"யய்யா, வெளிய போய் நில்லு."

ஆறு மணி மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றேன்.